முடிவெடுக்கும் திறனிழந்த நோயாளியும் உறவினரின் இசைவும்: உரிமையா, சாட்சியமா?

ஆய்வுச் சுருக்கம்

தன் சிகிச்சை குறித்துத் தானே முடிவெடுக்கும் திறனை ஒருவர் இழக்கும்போது அவருக்காக உறவினர் முடிவெடுப்பது நம் மருத்துவமனைகளில் எழுதப்படாத விதியாக உள்ளது. ஆனால், அவ்வுறவினர் எந்த வினாவுக்கு விடையளிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவுபடுத்தப்படுவதில்லை. ‘நாம் என்ன செய்யலாம்?’ என்பது ஒரு வினா. ‘அவர் என்ன சொல்லியிருப்பார்?’ என்பது முற்றிலும் வேறொரு வினா. 2008 முதல் 2023 வரையிலான உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றையும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் இவ்வேறுபாட்டின் வழியே வாசிக்கும் இக்கட்டுரை, உறவினர் முடிவின் உரிமையாளர் அல்லர், நோயாளியின் விருப்பத்துக்குச் சாட்சி என்னும் கருத்தை முன்வைக்கிறது. அக்கருத்து எங்கே வலுவிழக்கிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவ அறவியல், முடிவெடுக்கும் திறன், இசைவு, பதிலி முடிவு, நோயாளியின் நலன், முன்கூட்டிய விருப்ப ஆவணம், மனநலச் சட்டம்.

முன்னுரை

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு செவிலியர் ஒருவர் படிவத்துடன் வருகிறார். ‘பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?’ என்று கேட்கிறார். காத்திருக்கும் கூட்டத்திலிருந்து மூத்த மகனோ மருமகனோ எழுந்து செல்கிறார். படிவத்தில் நோயாளியின் பெயர், வயது, கையொப்பமிடுபவரின் உறவுமுறை, கையொப்பம் ஆகியவற்றுக்கு இடம் விடப்பட்டிருக்கும். உள்ளே படுத்திருப்பவர் இந்தச் சிகிச்சையைப் பற்றி முன்பு ஏதேனும் சொல்லியிருக்கிறாரா என்று கேட்கும் வரி அதில் இருப்பது அரிது. தமிழ்நாட்டில் மருத்துவமனை வாசலில் சில இரவுகளைக் கழித்த எவருக்கும் இக்காட்சி புதிதன்று.

இந்தப் படிவத்தில் ஒரு கோட்பாடு மறைந்திருக்கிறது. நோயாளியின் குரல் நின்றவுடன் முடிவெடுக்கும் உரிமை, சொத்து வாரிசுக்குச் சேர்வதுபோல், உறவினருக்குக் கைமாறுகிறது என்பதே அக்கோட்பாடு. உறவின் நெருக்கமே இசைவுக்குப் போதுமான அடிப்படை என்று அது கொள்கிறது. மருத்துவ அறவியலும் இந்தியச் சட்டமும் இக்கோட்பாட்டை ஏற்கின்றனவா என்பதே இக்கட்டுரையின் வினா.

திறன் என்னும் கருத்து

தமிழில் இதனைக் குறிக்கும் சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. ‘தகுதி’ என்றால் ‘தகுதியற்றவர்’ என்னும் இழிவும் உடன்வருகிறது. நம் பத்திரங்களிலும் உயில்களிலும் பயின்றுவரும் ‘சித்த சுவாதீனம்’ என்னும் தொடர் ஒருவரை முழுமையாக உள்ளே வைக்கிறது அல்லது முழுமையாக வெளியே தள்ளுகிறது. நல்ல சித்த சுவாதீனத்துடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக்கொடுப்பதாகக் கூறும் உயிலில் இடைநிலைகளுக்கு இடமில்லை. மருத்துவ அறவியல் பேசுவதோ இடைநிலைகளைப் பற்றியது. எனவே இக்கட்டுரை ‘திறன்’ என்னும் சொல்லையே கையாள்கிறது.

திறன் என்பது ஆளின் நிலையான பண்பு அன்று. குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட முடிவு தொடர்பான ஆற்றல். மறதிநோயின் தொடக்கத்தில் உள்ள ஒருவரால் தம் வங்கிக் கணக்கைக் கையாள இயலாமல் போகலாம். ஆயினும் மூக்கு வழியே உணவுக்குழாய் செலுத்துவது வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல இயலலாம். காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்பலாம். காய்ச்சலால் வரும் பிதற்றல் காய்ச்சலோடு போய்விடும். 1988இல் ஆப்பல்பாம், கிரிஸ்ஸோ ஆகிய இருவரும் நான்கு ஆற்றல்களைப் பிரித்துக்காட்டினர்: தெரிவைத் தெரிவித்தல், தகவலைப் புரிந்துகொள்ளுதல், அத்தகவல் தன் நிலைமைக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை உணர்தல், காரணகாரிய முறையில் சீர்தூக்குதல். இவற்றுள் மூன்றாவது நுட்பமானது. ‘சர்க்கரை நோயால் கால் அழுகினால் உயிருக்கு ஆபத்து’ என்பதைப் பாடம்போல் ஒப்பிக்கும் ஒருவர், தம் கால் அழுகவில்லை என்றே உறுதியாக நம்பலாம்.

இந்தியாவில் திறனுக்குச் சட்ட வரையறை தருவது 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் 4ஆம் பிரிவு, மனநோய் உடையவர் உட்பட ஒவ்வொருவருக்கும் தம் மனநலச் சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் திறன் உண்டு எனக் கொள்கிறது. அதற்கு மூன்று ஆற்றல்களைக் குறிப்பிடுகிறது: தகவலைப் புரிந்துகொள்ளுதல், விளைவுகளை உணர்தல், முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு வழியிலோ தெரிவித்தல். இம்மூன்றையும் சட்டம் ‘அல்லது’ என்னும் சொல்லால் இணைக்கிறது. சொல்லுக்குச் சொல் வாசித்தால், மூன்றில் ஒன்று இருந்தாலே போதும் என்றாகிறது. இது வரைவுப் பிழையா, உரிமையைத் தாராளமாக்கும் நோக்கமா என்பது விவாதத்துக்குரியது. பிழை என்றே நான் கருதுகிறேன். கையசைக்க முடிந்தாலே திறன் உண்டு எனக் கொண்டால் அக்கருத்துக்கே பொருளில்லாமல் போகும்.

அதே பிரிவின் இன்னொரு பகுதி நம் குடும்பச் சூழலில் பெரிதும் பயன்படக்கூடியது. ஒருவரின் முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என முடிவுகட்டக் கூடாது என்கிறது அது. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்திலும் இதையொத்த விதி உண்டு. ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்று ஒரு முதியவர் சொன்னால் அடுத்த நொடியே ‘அவருக்கு வயசாயிடுச்சு, ஒண்ணும் புரியாது’ என்று மகன் சொல்வதையும், ‘வேண்டும்’ என்று சொல்லும் முதியவரின் புரிதல் ஒருபோதும் சோதிக்கப்படாததையும் நினைத்துப் பார்க்கலாம். திறன் இன்மை என்பது இங்கே கண்டறியப்படுவதில்லை; உடன்படாதவர்மீது சுமத்தப்படுகிறது. ‘அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்’ என்னும் வேண்டுகோளால், முழுத் திறனுடைய புற்றுநோயாளிகளும் திறனற்றோர்போல் நடத்தப்படுகின்றனர். திறனிழந்தோர் பற்றிய அறவியல், உண்மையில் திறனிழந்தவர் யார் என்பதைக் கவனமாக வரையறுப்பதில் தொடங்க வேண்டும்.

இரு அளவுகோல்கள்

உண்மையாகவே திறன் இல்லை என உறுதியானபின் எழுவது அடுத்த வினா. அதற்கு மருத்துவ அறவியல் இரு விடைகளை வளர்த்தெடுத்தது. ஒன்று, நோயாளியின் இடத்தில் நின்று அவர் எடுத்திருக்கக்கூடிய முடிவைக் கண்டறிவது. இதனைப் ‘பதிலி முடிவு’ எனலாம். மற்றொன்று, அவருக்கு எது நன்மை என்று புறநிலையில் மதிப்பிடுவது. இது ‘நலன் அளவுகோல்’.

பதிலி முடிவு அமெரிக்க நீதிமன்றங்களில் வேரூன்றியது. 1976இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், நினைவிழந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்த கேரன் குவின்லன் என்னும் இளம்பெண்ணின் உரிமையை அவர் சார்பில் தந்தை பயன்படுத்தலாம் என்றது. இங்கிலாந்து நெடுங்காலம் நலன் அளவுகோலையே பின்பற்றியது. ஆயினும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நலனை முடிவுசெய்யும்போது அவரது கடந்தகால, நிகழ்கால விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் விழுமியங்களையும் கருத வேண்டும் என்றது. 2013இல் ஐன்ட்ரீ மருத்துவமனை வழக்கில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம், நலன் அளவுகோலின் நோக்கமே நோயாளியின் நோக்கிலிருந்து காண்பதுதான் என விளக்கியது. ஆக, எதிரெதிர்த் திசையில் தொடங்கிய இரு மரபுகளும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துள்ளன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பை விளக்கி அதன் குழு 2014இல் வெளியிட்ட பொதுக் கருத்துரை இன்னும் ஓரடி முன்னே சென்றது. நலன் என்னும் அளவுகோலையே கைவிட்டு, ஒருவரின் விருப்பம் பற்றிய இயன்றவரை சிறந்த புரிதலை அவ்விடத்தில் வைக்க வேண்டும் என்றது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 2007இல் ஏற்புறுதி செய்தது.

இவ்விரு அளவுகோல்களிலும் இல்லாத ஒன்று, உறவினரின் சொந்த விருப்பம். ‘எங்களுக்கு அவர் வேண்டும்’ என்பது அன்பின் வெளிப்பாடு. அது பதிலி முடிவும் அன்று, நலன் பற்றிய மதிப்பீடும் அன்று. நம் நடைமுறைப் படிவம் கேட்பதோ இந்த மூன்றாவதைத்தான்.

சாட்சியத்தின் எடை

உறவினரைச் சாட்சியாகக் கொண்டால், சாட்சியத்தை எவ்வாறு எடைபோடுவது என்னும் சிக்கல் உடனே எழும். குவின்லன் வழக்கில், அவர் நலமாக இருந்தபோது தோழியரிடம் கூறிய சொற்கள் தொலைவானவை, பிறரைப் பற்றியவை என நீதிமன்றம் அவற்றுக்கு மதிப்பளிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 84 வயதான கிளேர் கான்ராய் என்பவரின் வழக்கில் அதே நீதிமன்றம் அவ்வாறு ஒதுக்கியது தவறு என்று ஒப்புக்கொண்டு, அத்தகைய சொற்களும் சான்றே, ஆனால் அவற்றின் எடை மாறுபடும் என்றது. 1990இல் நான்சி குரூசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டும் என ஒரு மாநிலம் கோரலாம் என்று தீர்ப்பளித்தது.

ஒருவர் எப்போது, எத்தனை முறை, எவ்வளவு உறுதியுடன், எந்தச் சூழலில் சொன்னார் என்பவையே எடைக்கற்கள். பக்கத்து வீட்டு இழவில் ‘இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்காம பொட்டுனு போயிடணும்’ என்று சொல்லாத முதியவர் நம் ஊரில் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வென்டிலேட்டரை அகற்றுவது பிழை. அதே முதியவர், கணவர் குழாய்களுக்கு நடுவே இறந்ததைக் கண்டபின், ஆண்டுக்கணக்கில், கேட்டவரிடமெல்லாம், தமக்கு அது வேண்டாம் எனச் சொல்லிவந்திருந்தால் அது வேறு வகைச் சான்று.

இங்கு ஒரு சொந்த அனுபவத்தைக் குறிப்பிடுவது பொருத்தமற்றதாகாது என நம்புகிறேன். என் பாட்டி தம் உயிர் தம் வீட்டுத் திண்ணையில்தான் போக வேண்டும் என்று பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார். பக்கவாதத்தால் நினைவிழந்தபோது ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். அந்நாட்களில் எங்கள் குடும்பத்தில் ஏழு பேர் விவாதித்தோம். செலவைப் பேசினோம், ஊர் என்ன சொல்லும் என்பதைப் பேசினோம், அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வரும்வரை பொறுப்பதைப் பேசினோம். திண்ணையை எவரும் குறிப்பிடவில்லை. எங்களுக்கு அது தெரியாமல் இல்லை. எவரும் எங்களிடம் அதைக் கேட்கவில்லை. கேட்கப்படாத சாட்சியம் தானாக முன்வருவதில்லை என்பதை நான் அங்கே அறிந்துகொண்டேன்.

இக்கருத்துக்கு எதிரான வலுவான வாதத்தையும் மறைக்கலாகாது. 2006இல் ஷாலோவிட்ஸ், காரெட்-மேயர், வெண்ட்லர் ஆகியோர் 16 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, நோயாளி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைப் பதிலாளிகள் சரியாகக் கணித்தது 68 விழுக்காட்டு நேர்வுகளில் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு பிழை. நோயாளியே தேர்ந்தெடுத்த பதிலாளி என்பதாலோ, முன்பே கலந்து பேசியிருந்ததாலோ துல்லியம் கூடவில்லை என்பது இன்னும் கவலைக்குரியது. எனில், சாட்சியம் எதற்கு எனக் கேட்கலாம். அவ்வாய்வுகள் பெரும்பாலும் கற்பனைச் சூழல்களை முன்வைத்துக் கணிப்பைச் சோதித்தவை என்பது ஒரு விடை. அதைவிட முக்கியமானது, பிழையின் தன்மை. ‘அவர் என்ன சொல்லியிருப்பார்?’ என்ற வினாவுக்குத் தவறாக விடையளிக்கும் மகனை மகள் திருத்தலாம். பழைய நண்பர் மறுக்கலாம். ஒரு நாட்குறிப்பு பொய்யாக்கலாம். ‘எங்களுக்கு இதுவே விருப்பம்’ என்பதை எந்தச் சான்றாலும் திருத்த முடியாது.

மூன்று தீர்ப்புகள்

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமிரா கோலி வழக்கில், 44 வயதுப் பெண் ஒருவர் நோயறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் இசைந்து மயக்க மருந்தின்கீழ் இருந்தார். அப்போது உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் கருப்பையை அகற்ற இசைவு பெற்றார். கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. நோயாளி திறனுடைய, வயதுவந்த பெண், மயக்கம் தற்காலிகமானது, உயிரைக் காக்க உடனடி அறுவை தேவைப்படவில்லை, எனவே தாயின் இசைவு செல்லாது என்றது நீதிமன்றம். மருத்துவர் நல்லெண்ணத்துடன் செயல்பட்டார் என்பதும், சிகிச்சை முறையே தவறன்று என்பதும் இசைவின்மையை ஈடுசெய்யவில்லை. வழங்கப்பட்ட இழப்பீடு 25,000 ரூபாய்தான். ஆனால் தீர்ப்பின் கருத்துப் பெரிது. சில மணி நேரத்தில் விழித்தெழப் போகிறவரின் குரலுக்கு மாற்றாகப் பெற்ற தாயின் குரல்கூட நிற்காது. முன்னுரையில் கண்ட படிவக் கோட்பாட்டை இத்தீர்ப்பு நேரடியாகவே மறுக்கிறது எனலாம்.

2009 ஆகஸ்டில் வந்தது சுசிதா ஸ்ரீவஸ்தவா எதிர் சண்டிகர் நிர்வாகம் என்னும் வழக்கு. அரசு இல்லம் ஒன்றில் வாழ்ந்த, மிதமான அறிவுசார் குறைபாடுடைய பெண், பாலியல் வன்முறையால் கருவுற்றார். அவரது நலன் கருதிக் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அவரோ குழந்தையைப் பெற விரும்பினார். உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற ஆணையை நிறுத்தியது. அப்போதைய மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் காப்பாளரின் இசைவுக்கு இடமளித்தது மனநோய் உடையவருக்கே அன்றி, அறிவுசார் குறைபாடு உடையவருக்கு அன்று என்று அது சுட்டியது. பதிலி முடிவு என்பது முழுமையாகத் திறனற்றவர் என உறுதிசெய்யப்பட்டவருக்கே பொருந்தும் என்றும், தம் விருப்பத்தைத் தாமே தெரிவிப்பவரின் இடத்தில் நீதிமன்றம் போய் நிற்க வேண்டியதில்லை என்றும் விளக்கியது. இத்தீர்ப்பைப் பற்றிய கடும் விமர்சனங்கள் உண்டு. இல்லத்தில் வாழும் பெண்ணின் விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது என்னும் ஐயம் நியாயமானது. ஆயினும், குறைவுபட்ட திறனும் திறனே என்பதை இவ்வளவு தெளிவாக முன்வைத்த பிறிதொரு தீர்ப்பு அதற்குமுன் இல்லை என்பது என் மதிப்பீடு.

மூன்றாவது, அனைவரும் அறிந்த அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியரான அவர் 1973 நவம்பர் 27 அன்று, தம் 25ஆம் வயதில், அங்கேயே பணியாற்றிய துப்புரவாளர் ஒருவரால் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். உணவளிப்பதை நிறுத்த அனுமதி கோரி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பு வந்தது. தமிழ் இதழ்கள் ‘கருணைக்கொலை’ என்னும் ஒற்றைச் சொல்லால் இதனைக் கடந்து சென்றன. சிகிச்சையை நிறுத்துவதும் கொல்வதும் ஒன்றே எனத் தோன்றச்செய்யும் அச்சொல் இன்றளவும் இவ்விவாதத்தைக் குழப்பிவருகிறது. நீதிமன்றம் விரானியின் கோரிக்கையை ஏற்கவில்லை. அருணாவின் உற்ற நண்பர் அவர் அல்லர், முப்பத்தேழு ஆண்டுகளாக அருணாவைப் பேணிவந்த மருத்துவமனைச் செவிலியரும் பணியாளருமே என்றது. அவர்கள் அருணா வாழ வேண்டும் என விரும்பினர். 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறக்கும்வரை அருணா அங்கேயே இருந்தார்.

இரத்த உறவைவிடப் பேணும் உறவை முதன்மைப்படுத்திய வகையில் இத்தீர்ப்பு முன்னோடியானது. சரியான சாட்சிகளை அது கண்டுகொண்டது. ஆனால், அவர்களிடம் கேட்கப்பட்டது தவறான வினா. செவிலியர் தாங்கள் விரும்புவதைச் சொன்னார்கள், அது பதிவாயிற்று. தானும் ஒரு செவிலியராய் இருந்து, நினைவிழந்த நோயாளிகளைத் தன் கையால் பேணிய அந்த 25 வயதுப் பெண், தனக்கு இந்நிலை வந்தால் என்ன கேட்டிருப்பாள் என்னும் வினா தீர்ப்பில் மையம் பெறவில்லை. ஒருவேளை விடை கிடைத்திருக்காது. விடை கிடைக்காத வினாவுக்கும், கேட்கப்படாத வினாவுக்கும் வேறுபாடு உண்டு.

2018, 2023 நெறிமுறைகள்

2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு, மாண்புடன் இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆம் உறுப்பின்கீழ் வரும் உரிமையே என்று கூறி, முன்கூட்டிய விருப்ப ஆவணத்துக்கு ஏற்பளித்தது. ‘லிவிங் வில்’ எனப் பரவலாக அறியப்படும் இவ்வாவணத்தை முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் முன்னிலையில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. நடைமுறையில் இது ஏறக்குறைய இயலாததாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று நெறிமுறைகள் எளிதாக்கப்பட்டன. இப்போது நோட்டரியோ அரசிதழ்ப் பதிவுபெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும். மருத்துவமனையின் முதன்மை மருத்துவக் குழு, சிகிச்சை தரும் மருத்துவரையும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுடைய இரு வல்லுநரையும் கொண்டது. அடுத்து இரண்டாம்நிலைக் குழு ஆராய்கிறது. ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் முடிவு கூறுவது விரும்பத்தக்கது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதனை நடைமுறைப்படுத்தும் சுற்றறிக்கையை வெளியிட்டது.

ஆவணம் எழுதியவருக்கு இவ்வழி தெளிவு. எழுதாதவர்தாம் மிகப் பெரும்பான்மையினர். அவர்களுக்காக நெறிமுறை வகுத்த வழியில், குழுக்கள் நோயின் மீளாத்தன்மையை உறுதிசெய்தபின் உறவினரின் எழுத்துப்பூர்வ இசைவைப் பெறுகின்றன. அவ்விசைவு எதன் அடிப்படையில் அமைய வேண்டும், உறவினர் தம் விருப்பத்தைச் சொல்கிறாரா, நோயாளியின் விருப்பத்தைச் சொல்கிறாரா என்பதை அந்நெறிமுறை விரித்துப் பேசவில்லை. இதனை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவோடு ஒப்பிடுக. நோயாளியின் நியமனப் பிரதிநிதி, அவருடைய இன்றைய, கடந்தகால விருப்பங்கள், வாழ்க்கை வரலாறு, விழுமியங்கள், பண்பாட்டுப் பின்னணி, நலன் ஆகியவற்றைக் கருத வேண்டும். முடிவின் தன்மையை நோயாளி எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறாரோ அந்த அளவுக்கு அவர் கருத்துக்குத் தனி மதிப்பளிக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. மனநோயாளியின் பிரதிநிதிக்கு வினாவைத் தெளிவாகக் கொடுத்த நம் சட்டம், வென்டிலேட்டரில் இருப்பவரின் மகனுக்குப் பேனாவை மட்டும் கொடுத்திருக்கிறது. கோமா நிலையிலிருப்பவருக்குக் காப்பாளரை நியமிக்கத் தனிச் சட்டம் இல்லை என்பதால் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தானே வழிகாட்டுநெறிகளை வகுக்க நேர்ந்ததும் இவ்வெற்றிடத்தின் விளைவே.

பணம் என்னும் பேசப்படாத காரணி

மேற்கண்ட விவாதங்கள் அனைத்தும் ஓர் உண்மையை ஓரமாக வைத்துவிடுகின்றன. தனியார் மருத்துவமனைகளில் பல குடும்பங்களில் சிகிச்சை நிற்பது அறவியல் ஆய்வின் முடிவில் அன்று. வீட்டுப் பத்திரத்தை அடகுவைக்கும் கட்டத்தில். அப்போது ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்’ என்னும் படிவத்தில் கையொப்பம் பெறப்படுகிறது. எந்தக் குழுவும் கூடுவதில்லை. நடப்பது சிகிச்சையை விலக்குதலே. ஆனால், பெயர் டிஸ்சார்ஜ்.

பணத்தைக் கருதுவதே அறமீறல் என்று சொல்வது வகுப்பறையில் எளிது. தம் சிகிச்சைக்காகப் பேத்தியின் படிப்பு நிற்பதை எந்தத் தாத்தாவும் விரும்பியிருக்க மாட்டார் என்பது உண்மையாகவே அவரது விருப்பம் பற்றிய சாட்சியமாக இருக்கலாம். அதே வாக்கியம், தம் பங்குச் செலவைத் தவிர்க்க விரும்பும் மகனின் வாயிலும் வரலாம். இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம். கடினம் என்பதற்காக அதைப் பேசாமல் விடும்போது இரண்டாமவருக்கே வசதி. குடும்பக் கூட்டத்தில் பணத்தை வெளிப்படையாகப் பேசி, அது குடும்பத்தின் இயலாமையா, நோயாளியின் விருப்பமா எனத் தனித்தனியே பதிவது நேர்மையான வழி. இயலாமை குற்றமன்று. ஆனால், அதனை நோயாளியின் விருப்பமாக எழுதிவைப்பது பொய்ச்சாட்சியம். அரசு மருத்துவமனைக்கு மாற்றுதல், காப்பீடு, வலிதணிப்புச் சிகிச்சை ஆகியவற்றை மருத்துவர் எடுத்துரைக்க வேண்டிய இடமும் அதுவே.

சாட்சியே இல்லாதவர்

இக்கட்டுரை முன்வைத்த கருத்து எல்லோருக்கும் பொருந்துவதன்று. 1977இல் மாசசூசெட்ஸ் உயர்நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்த ஜோசப் சைக்கெவிச் வழக்கில், 67 வயதான அவர் வாழ்நாள் முழுவதும் கடும் அறிவுசார் குறைபாட்டுடன் அரசு இல்லத்தில் வாழ்ந்தவர்; பேச்சு இல்லை; இரத்தப் புற்றுநோய் கண்டிருந்தது. வேதிச்சிகிச்சை அளிக்க வேண்டியதில்லை என்ற முடிவை ஏற்ற நீதிமன்றம், அதனை அவருடைய பதிலி முடிவாகவே காட்ட முயன்றது. ஒருபோதும் திறன் பெற்றிராதவர் என்ன முடிவெடுத்திருப்பார் எனக் கேட்பது பொருளற்றது என்று அறவியலாளர் பலர் மறுத்தனர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. இங்கே நலன் அளவுகோலுக்குத் திரும்புவதே நேர்மை. ஆயினும், அந்நலனைக்கூட ஏட்டிலிருந்து எழுத இயலாது. ஊசியைக் கண்டால் அவர் எவ்வாறு அஞ்சுவார், யார் அருகிருந்தால் அமைதியாவார் என்பதை அறிந்தவர் இல்லத்தின் பணியாளரே.

கைவிடப்பட்டோரின் நிலை வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். அத்தகைய காப்பகங்களில் நோயாளிகளைச் சேர்த்தவர் பெரும்பாலும் உறவினரே. உறவுமுறையே இசைவுக்குப் போதுமான அடிப்படை என்போர் இதற்கு விடைகூற வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நியமனப் பிரதிநிதி இல்லாதபோது உறவினர், பேணுபவர், மனநல வாரியம் நியமிக்கும் ஒருவர், இறுதியாகச் சமூகநலத் துறை இயக்குநர் என ஒரு வரிசையைத் தருகிறது. சென்னையில் அமர்ந்திருக்கும் இயக்குநருக்கு, மனநல மருத்துவமனையின் நீண்டநாள் வார்டில் இருபது ஆண்டுகளாக வாழும் ஒருவரின் விருப்பத்தைப் பற்றி என்ன தெரியும்? அதே சட்டத்தில் ‘பேணுபவர்’ என்பதற்கான வரையறையோ, ஊதியம் பெற்றுப் பேணுபவரையும் உள்ளடக்குகிறது. அவ்வரையறையின் உட்பொருளை நம் மருத்துவமனைகள் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை. நோயாளி எந்தப் பாட்டுக்குத் தலையசைப்பார், எந்த மாத்திரையைத் துப்புவார், யார் பெயரைச் சொல்லி இரவில் அழைப்பார் என்பதெல்லாம் வார்டு உதவியாளருக்குத் தெரியும். குறிப்பேட்டில் அவர் கையொப்பத்துக்கு மட்டும் இடமில்லை.